எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

நாமக்கல் பக்கத்து லாரிக்கார வீடுகளில் மாமியார் மருமகள் சண்டைகூட இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். எஞ்சினுக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்ற சண்டை மட்டும் ஓய்வதே இல்லை. வீட்டுக்காரர், "இருபது வருஷமா ஊத்தற ஆயில்தான், வண்டி ஓடாமயா கெடக்குது?" என்பார். பொறியியல் படித்துவிட்டு வந்த மைத்துனன், "ஸிந்தெடிக் ஊத்துங்க மச்சான், எஞ்சின் தேயவே தேயாது" என்பான். பட்டறை மேஸ்திரியோ இருவரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "புகை வருதுங்களா? பேசாம கெட்டி ஆயிலா ஊத்திப்போடுங்க, நின்னுபோயிரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

மூன்று பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கும் அம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வண்டிக்கு முன்பணம் கட்டியபோது வங்கிக்குப் போனது அவளுடைய வளையல். மாதத் தவணை தவறினால் தூக்கம் போவதும் அவளுக்குத்தான். ஆகவே இந்த வாரத்துப் பேச்சை அந்த அம்மாளிடமே வைத்துக்கொள்வோம். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், ஆட்சேபணை இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "எந்த ஆயில் நல்லது?" என்பது இரண்டாவது கேள்வி. "நம் எஞ்சின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. ஜுரம் என்னவென்று பாராமல் மருந்துக் கடையில் போய், "இருப்பதிலேயே விலை உயர்ந்த மருந்தாகக் கொடுங்கள்" என்று கேட்டால் எப்படி இருக்கும்? நம் சண்டைகள் முக்கால்வாசி அந்த ரகம்தான்.

மற்ற ஊர்களில் இது மோட்டார் பைத்தியம் பிடித்த சிலருடைய சமாசாரம். இங்கே அப்படி இல்லை. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நாமக்கல். லாரி, டிரெய்லர், காஸ் டாங்கர் என்று சொன்னால் வடக்கே வெகு தூரம் வரை இந்த ஊர்ப் பெயர் தெரியும். சங்ககிரியும் அப்படியே. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. அந்த ஊர் வண்டிகள் போய்த் துளை போடாத மாநிலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வந்து இறங்குவதும், முட்டை ஏறிப் போவதும் எஞ்சினை நம்பித்தான். மழையை நம்பிய மானாவாரிச் சீமை ஒரு காலத்தில் சக்கரத்தை நம்ப ஆரம்பித்தது. இங்கே எஞ்சின் இறங்கினால் இறங்குவது எஞ்சின் மட்டுமல்ல.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

மாட்டு வண்டிக் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சும் குடமும் உராயாமல் இருக்க வண்டி மை போடுவார்கள். மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியிலேயே தொங்கும். அதில் சேரும் முக்கியமான சரக்கு விளக்கெண்ணெய், அதாவது நம் பக்கத்துக் காடுகளில் விளைந்த கொட்டமுத்தின் எண்ணெய். இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். முதல் உலக யுத்தத்தில் பறந்த விமானங்கள் பலவற்றின் எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெய்தான் வார்த்தார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து பிறந்ததுதான். பிறகு பூமிக்கடியிலிருந்து வந்த கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. அதைச் சுத்திகரித்து எடுப்பதைத்தான் மினரல் ஆயில் என்கிறோம்.

கச்சா எண்ணெயில் பெரிதும் சிறிதுமாகப் பலவிதமான மூலக்கூறுகள் கலந்திருக்கும். பொடி அரிசியும் நொய்யும் முழு அரிசியும் ஒரே மூட்டையில் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் நொய் முதலில் ஆவியாகிவிடும். வேறு சிலது கருகிப் பிசினாகும். ஸிந்தெடிக் ஆயில் என்பது ஒரே அளவாக இருக்கும்படி ரசாயன முறையில் கட்டிய எண்ணெய். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலியத்துக்குத் தவித்த ஜெர்மனி இந்த வழியில் மும்முரமாக இறங்கியது. யுத்தத்துக்குப் பின் ஜெட் விமான எஞ்சின்களின் சூட்டுக்கு மினரல் ஆயில் தாக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஸிந்தெடிக் நிலைத்துவிட்டது. கார்க்காரர்களுக்கு அது கடையில் கிடைத்தது அப்புறம்தான். அமெரிக்காவில் 1972-ல் ஆம்ஸாயில் வந்தது; மொபில் ஒன் அதற்குச் சற்றுப் பிந்தி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கச்சா எண்ணெயையே எடுத்து, ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்துக் கடுமையான சூட்டிலும் அழுத்தத்திலும் உடைத்து ஒழுங்கு செய்தால், கிட்டத்தட்ட ஸிந்தெடிக் போலவே ஓர் எண்ணெய் கிடைக்கிறது. மூன்றாம் வகுப்பு அடிப்படை எண்ணெய் என்று அதற்குப் பெயர். அதை டப்பாவில் அடைத்து 'ஸிந்தெடிக்' என்று எழுதலாமா கூடாதா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் பெரிய வழக்கு. விளம்பரங்களை விசாரிக்கிற அமைப்பு ஒன்று 1999-ல் 'எழுதலாம்' என்று சொல்லிவிட்டது. அன்று முதல் அந்தச் சொல் ரொம்பத் தாராளமாகிவிட்டது. 'ஸெமி ஸிந்தெடிக்' என்று எழுதியிருந்தாலோ கேட்கவே வேண்டாம். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பால்காரருக்குத்தான் தெரியும். ஆகையால் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

அங்கே இரண்டு சங்கதிகள் இருக்கும். ஒன்று, 15 டபிள்யூ 40 என்பதுபோல ஒரு குறி. 'டபிள்யூ' என்றால் குளிர்காலம். முன்னால் இருக்கும் 15, மைனஸ் 20 டிகிரிக் குளிரில் எண்ணெய் எப்படி இளகி நிற்கிறது என்பதைச் சோதித்துப் போட்டது. ஏற்காட்டில் மார்கழி மாதத்து விடியற்காலையில்கூட அந்தக் குளிர் நமக்குக் கிடைக்காது. ஸிந்தெடிக் ஆயில் விளம்பரங்களில் பனிமலையைப் படமாகப் போடுகிறார்களே, அந்தப் பெருமை சேலத்துக்காரருக்கு அவ்வளவாகப் பயன்படாது. பின்னால் இருக்கும் 40 தான் நம்முடையது. 100 டிகிரிச் சூட்டில் எண்ணெய்க்கு எவ்வளவு கெட்டித்தனம் மிஞ்சியிருக்கிறது என்பதை அது சொல்லும். ஸிந்தெடிக்கின் அசல் பெருமையும் நம் ஊரில் சூட்டின் பக்கம்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் பாரம் ஏற்றிக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது, நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றும் டர்போவின் அச்சு எண்ணெயின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டில் சீக்கிரம் கருகாது, குறைவாக ஆவியாகும், அதிக நாள் உழைக்கும். இவ்வளவும் வாஸ்தவம். டீசல் பத்துப் பதினைந்து சதவிகிதம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் மட்டும் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இளகின எண்ணெயால் மிச்சமாவது ஏதோ ஒரு சதவிகிதத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

இரண்டாவது சங்கதி இன்னும் முக்கியம். சி.எஃப்.4, சி.ஹெச்.4, சி.ஐ.4, சி.கே.4 என்று ஏ.பி.ஐ. தரக் குறி ஒன்று இருக்கும். 'சி' என்று ஆரம்பித்தால் டீசல் எஞ்சினுக்கு. அடுத்த எழுத்து தள்ளிப் போகப்போகப் புதிய தரம். சி.ஐ.4 வந்தது 2002-ல், சி.கே.4 வந்தது 2016-ன் கடைசியில். இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது இதுதான்: 2020 ஏப்ரல் முதல் விற்கிற லாரிகள் பி.எஸ். 6 வகை. அவற்றின் புகைக்குழாயில் கரியை வடிகட்டிப் பிடித்து எரிக்கும் ஒரு கூடு இருக்கிறது. எஞ்சின் எண்ணெயில் கொஞ்சம் எப்போதும் எரிந்து போகும். எரிந்தால் சாம்பல் விழும். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் அதிகமுள்ள பழைய தரத்து ஆயிலை அந்த வண்டியில் ஊற்றினால், கூடு மெல்ல மெல்ல அடைந்துபோகும். அதை மாற்றுகிற செலவைக் கேட்டால், எண்ணெயில் மிச்சம் பிடித்த காசு ஞாபகத்துக்கே வராது. சி.கே.4-இல் சாம்பல் ஒரு சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டு. புதிய தரத்தைப் பழைய வண்டிக்கு ஊற்றலாம். பழைய தரத்தைப் புதிய வண்டிக்கு ஊற்றக் கூடாது. எந்தத் தரம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பெரும்பாலும் பூஜை அலமாரியில் ஆர்.ஸி. புத்தகத்தோடு பத்திரமாக, பிரிக்கப்படாமல் இருக்கும்.

மைத்துனன் பக்கம் நியாயம் இருக்கிறதா? புதிய வண்டி, தயாரித்த கம்பெனியே அனுமதித்து, நெடுந்தூர ஓட்டத்துக்கு எண்ணெய் மாற்றும் இடைவெளியையும் நீட்டித் தந்திருக்கிறது என்றால் இருக்கிறது. விலை இரண்டு மடங்கு, ஓட்டமும் இரண்டு மடங்கு என்றால் கணக்கு நேர். வண்டி பட்டறையில் நிற்கும் நாள் குறைவது லாபம். விலை இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று பழைய கணக்கிலேயே மாற்றிக்கொண்டிருந்தால் லாபம் ஆயில் கடைக்குத்தான். தேய்ந்துபோன எஞ்சினில் ஸிந்தெடிக் ஊற்றுவதோ ஓட்டைப் பானையில் நெய் வார்த்த கதை. அது புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும்.

இனி தேய்மானத்துக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

எஞ்சின் எதனால் தேய்கிறது? உலோகத்தோடு உலோகம் உராய்வதால் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு பங்கு. டீசலில் இருக்கும் கந்தகம் எரிந்து அமிலமாகி அரிப்பது இன்னொரு பங்கு. பி.எஸ். 4 டீசலில் 50 பி.பி.எம். இருந்த கந்தகம் பி.எஸ். 6-ல் 10-க்கு வந்துவிட்டபடியால் அந்தத் தொல்லை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. மீதியிருப்பவன்தான் அசல் எதிரி: புழுதி. ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். நாளைக்கு நூறு லிட்டர் டீசல் குடிக்கிற வண்டி எவ்வளவு காற்றை இழுக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தக் காற்று சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தின் ஓரத்துக் காற்றாகவோ, கல் குவாரிப் பாதையின் காற்றாகவோ இருந்தால்?

ரிக் வண்டிக்காரர் பாடு இன்னும் மோசம். பாறையைக் குடைந்து, அதன் பொடியைக் காற்றால் ஊதி வெளியே தள்ளுவதே அதன் வேலை. வெளியே வந்த வெண்புழுதியின் நடுவில் நின்றுகொண்டு அந்த எஞ்சினே மூச்சு விடுகிறது! நம் பக்கத்துப் பாறைகளில் குவார்ட்ஸ் நிறைய. எஞ்சினுக்குள் இருக்கும் லைனரின் உலோகத்தைவிட அது கடினமானது. ஒரு சிட்டிகை உள்ளே போனால் எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும். ஸிந்தெடிக்கும் சரி, மினரலும் சரி, அதைத் தடுக்காது. தடுப்பது ஏர் ஃபில்டர்.

அந்த ஃபில்டரை என்ன செய்கிறார்கள்? பக்கத்திலேயே கம்ப்ரஸர் இருக்கிறது, காற்றுக்குப் பஞ்சமில்லை; குழாயைப் பிடித்து 'புஸ்' என்று அடித்துச் சுத்தம் பண்ணுகிறார்கள். பார்க்கப் புதுசுபோல ஆகிவிடும். ஆனால் அந்த வேகக் காற்றில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். அதற்கு அடைந்த ஃபில்டரே மேல். அடைந்தால் எஞ்சின் திணறித் தெரிவிக்கும், கிழிந்தால் ஒன்றும் சொல்லாது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்க் குழாயைக் கழற்றி உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி ஒட்டினால், எந்த ஆயில் என்ற சண்டையை நிறுத்திவிட்டு முதலில் அந்தக் குழாயையும் க்ளிப்பையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டியது.

ரிக்குக்கு இன்னொரு வார்த்தை. கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றுவது அதற்குப் பொருந்தாது. வண்டி நின்ற இடத்திலேயே நாள் முழுதும் எஞ்சின் உறுமுகிறது. மணிக் கணக்குதான் கணக்கு. ஒரு மணி நேரத்தை உத்தேசமாக 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 500 மணி என்பது 25,000 கிலோமீட்டர் ஓட்டம். கம்ப்ரஸருக்கு அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. எஞ்சின் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று அதில் கவிழ்க்க வேண்டாம்.

எஞ்சின் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? அநேகம் பேர் ஸ்டிக்கை உருவி எண்ணெயின் நிறத்தைப் பார்த்து, "ஐயோ, கறுத்துப்போச்சு!" என்கிறார்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கரியைக் கழுவிச் சுமந்து வைத்திருக்கிறது. மாற்றி வெகு நாளாகியும் கறுக்காமல் தேன் நிறத்தில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பால் கலந்த காப்பிபோல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; உடனே வண்டியை நிறுத்துங்கள். அளவு குறைய வேண்டிய எண்ணெய் தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது. டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். டீசலாக இருந்தால் முகர்ந்தாலே தெரியும். விரலில் தேய்த்து வெயிலில் பார்க்கும்போது ஜரிகைபோல மினுக்கினால் பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது.

புகையில் கறுப்பு என்றால் டீசல் ஜாஸ்தி அல்லது காற்றுக் குறைவு. நோஸல், ஃபில்டர் சமாசாரம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாரத்தோடு மேடு ஏறும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். நெடுநேரம் சும்மா ஓடவிட்டுப் பிறகு மிதிக்கும்போது மாத்திரம் ஒரு குபுக் வந்து நின்றுவிட்டால் வால்வு கைடையோ டர்போ சீலையோ பார்க்க வேண்டும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதைப் பாராமல் எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு.

எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது சகஜம். ரயில் எஞ்சின்போல 'குப் குப்' என்று அடித்தால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. மேஸ்திரிகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். நல்ல சூட்டில், மெதுவாக ஓடும்போது ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் எல்லா முள்ளும் நிமிர்ந்துதான் நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் பால் கணக்கு எழுதும் நோட்டே சரி. எத்தனை லிட்டர் டீசல் போட்டது, நடுவில் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றியது — இரண்டையும் எழுதி வாருங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் போகிற வண்டி 10,000 கிலோமீட்டர் ஓடினால் 2,500 லிட்டர் டீசல். அதற்குள் 5 லிட்டர் ஆயில் ஊற்றியிருந்தால், 100 லிட்டர் டீசலுக்கு 200 மில்லி. பொதுவாக இதில் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்தடுத்து 200, 210, 200 என்று போனால் எஞ்சின் சௌக்கியம். 200, 300, 450 என்று போனால் ஒழுகல் எங்காவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் எஞ்சின் வேலைக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். நடுவழியில், தெரியாத ஊரில், கேட்ட விலைக்கு வேலை செய்து வாங்குவதற்கும், தீபாவளி கழிந்து ஓட்டம் மந்தமான மாதத்தில் நம் ஊரில் நாமே நாள் குறித்துச் செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்று அந்த அம்மாளைக் கேளுங்கள். டிரைவர் தம்பியிடம் மட்டும் முன்னதாகச் சொல்லி வையுங்கள்: "கண்ணு, ஆயில் ஊத்துனா எவ்வளவுன்னு மறைக்காமச் சொல்லுப்பா, திட்டமாட்டோம்." திட்டுவார்கள் என்ற பயத்தில் பாதிக் கணக்கு மறைந்துபோகிறது.

காசு அதிகமில்லாமல் இன்னொரு சோதனையும் செய்யலாம். சூடான எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் விட்டு, ஒரு நாள் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறமாகப் பரவிக்கொண்டே போனால் கரியைச் சுமக்கும் சக்தி இன்னும் இருக்கிறது. நடுவில் மையைக் கொட்டியதுபோல் கருவட்டமாக நின்று, சுற்றிலும் வெளுத்திருந்தால் சக்தி தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இந்தச் சொட்டு, எண்ணெயின் கதையைச் சொல்லும். எஞ்சினில் எந்த உறுப்புத் தேய்கிறது என்று சொல்லாது.

அதைச் சொல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவில் டென்வர் – ரியோ கிராண்டே ரயில்வேக்காரர்கள் 1946-ல், டீசல் ரயில் எஞ்சினின் பழைய எண்ணெயை ஆராய்ந்து, அதில் கரைந்திருக்கும் உலோகத்தைக் கொண்டே எந்த உறுப்பு தேய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எஞ்சினைப் பிரிக்காமலே! நம் இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்களிலும் இந்தப் பரீட்சை பழக்கமானதுதான். லாரிக்காரரும் ஒரு சிறு புட்டியில் எண்ணெய் எடுத்து அனுப்பி அறிக்கை வாங்கலாம். பெரிய எஞ்சின் கம்பெனிகளும் ஆயில் கம்பெனிகளும் இதற்கு ஏற்பாடு வைத்திருக்கின்றன. அறிக்கையில் இரும்பு அதிகமென்றால் லைனர், ரிங். ஈயமும் செம்பும் என்றால் பேரிங். சிலிக்கன் ஏறியிருந்தால் புழுதி உள்ளே போகிறது. (எஞ்சினை அண்மையில் பிரித்துப் பூட்டியிருந்தால், மூட்டில் தடவிய பசையிலிருந்தும் சிலிக்கன் வரும், பதற வேண்டாம்.) ஒரு தடவை எடுத்த அறிக்கை பாதி ஜாதகம்தான். ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பேசும். ஒரு லாரி வைத்திருப்பவருக்கு நோட்டுப் புத்தகமே போதும் என்பது என் அபிப்பிராயம். லட்சக்கணக்கில் விலையுள்ள எஞ்சினைப் புழுதிக்குள் நிறுத்தி ஓட்டும் ரிக்காரருக்கு இந்தப் புட்டிச் செலவு நிச்சயம் தகும்.

மேஸ்திரியின் கெட்டி ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார். 20 டபிள்யூ 50 ஊற்றினால் சத்தம் அடங்கும், முள் ஏறும், புகையும் கொஞ்சம் குறையும். பொய்யில்லை. இன்னும் ஆறு மாதம் தள்ளினால் போதும் என்கிற கிழட்டு எஞ்சினுக்கு, கையேடு அனுமதித்தால், அது ஒரு உபாயம்தான். தேய்ந்தது தேய்ந்ததுதான்; வளராது. அதோடு, பிரஷர் முள் ஏறிவிட்டதாலேயே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கெட்டி எண்ணெய் குறுகிய சந்துகளுக்குள் நுழைய நேரம் எடுக்கும். புது எஞ்சினில் இந்த வைத்தியம் கூடவே கூடாது.

காலி டப்பாவை என்ன செய்கிறீர்கள்? அப்படியே பழைய சாமான்காரரிடம் போட்டால், கழிவு எண்ணெயைச் சாயம் தெளிய வைத்து அதிலேயே நிரப்பி, மறுபடி உங்களிடமே விற்க ஆள் இருக்கிறார்கள். டப்பாவில் ஆணியால் இரண்டு துளை போட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, பழைய வண்டி வாங்குகிற வீட்டாருக்கு. தேய்மானம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை வருவது அன்றைக்குத்தான். விற்கிறவர், "வண்டி தங்கமுங்க, எஞ்சின் கைவெச்சதே இல்லீங்க" என்பார். கெட்டி ஆயிலை ஊற்றி, காலையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பதும் உண்டு. சூடான எஞ்சின் ஒரே முறுக்கில் கிளம்பும், புகையை மறைக்கும். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போங்கள். சாவியைத் தொடுவதற்கு முன் எஞ்சினின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வந்து பாக்கறமுங்க" என்று சொல்லிப் புறப்பட்டு வந்துவிடுங்கள்.